மூத்தவளுக்கு வைத்த சேலை

பம்பாயில் கல்யாணத்துக்கு என்ன உடுத்துவது என்று யாராவது கேட்டால், யார் வீட்டுக் கல்யாணம் என்று நான் திருப்பிக் கேட்பேன். மராட்டி வீடு என்றால் பெண்ணுக்கு மஞ்சள் சேலை, கை நிறையப் பச்சை வளையல், தாலியில் கருகமணி. மாதுங்காவில் பாலக்காட்டு ஐயர் வீடு என்றால் ஒன்பது கஜம், மடிசார். கொசுவம் ஒரு விரல் இறங்கினாலும் மாமிமார் விடமாட்டார்கள். குஜராத்தி வீடு என்றால் தாய்மாமன் எடுத்துக் கொடுக்கிற வெள்ளைச் சேலை, சிவப்புக் கரை. முதன்முதலாக ஒரு பெண்ணை வெள்ளைச் சேலையில் மணையில் பார்த்த அன்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நம் பக்கத்தில் வெள்ளை யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்.

தாராவியில் ஜாக்கெட் தைப்பது என் தொழில். கல்யாண நாளில் பெண்ணுக்குச் சேலை கட்டி, தலை பின்னிப் பூ வைத்து மணைக்கு அனுப்புவதும் நான்தான். பேர் சண்முகவடிவு. எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம் என்று என் புருஷன் இசக்கிமுத்து சொல்வார். கொஞ்சம் என்பது அவருடைய மரியாதை.

அறுபத்து நாலு ஆவணியில் செம்பூரில் ஒரு கல்யாணம். அந்த வேலையை நானாகப் போய்க் கேட்டு வாங்கினேன். கூலி வேண்டாம், ஊர்ப் பெண்ணுக்குச் செய்கிறேன் என்றேன். பெண்ணின் அப்பா பூலோகம், ஒரு ரப்பர் கம்பெனியில் ஃபிட்டர், நல்ல மனுஷர். என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நான் அந்தக் கல்யாணத்தை நிறுத்தத்தான் போகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

மாப்பிள்ளை பேர் கணேசபாண்டியன், மாதுங்காவில் மளிகைக் கடை. அவன் என் தங்கை கனகவள்ளியின் புருஷன். கனகவள்ளி செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவள் எப்படிச் செத்தாள் என்று சொல்லிவிடுகிறேன். அறுபத்திரண்டு ஆடி மாதம், விடாத மழை. அவளுக்குக் காய்ச்சல். பதினொரு நாள் காய்ச்சல். அவள் மாமியார் மீனாட்சியம்மாள் மிளகு கஷாயம் வைத்துக் கொடுத்தாள், நெற்றியில் திருநீறு பூசினாள். டாக்டர் வீடு அந்தத் தெருவிலேயே நாலாவது கட்டிடம். பதினோராம் நாள் அவளுக்கு நினைவு தப்பத் தொடங்கியதும், வீட்டுக்குள் சாவு விழுந்துவிடக் கூடாதென்று ஒரு டாக்ஸியைப் பிடித்து, பின் ஸீட்டில் படுக்கவைத்து, துணைக்கு ஆள் இல்லாமல் எங்கள் சந்து முனைக்கு அனுப்பிவிட்டாள். டாக்ஸிக்காரன்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தான். நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரண்டாம் நாள் போய்விட்டாள்.

எங்களில் புருஷன் உயிரோடு இருக்கும்போது சாகிறவள் மணப்பெண்ணாகத்தான் போவாள். முகூர்த்தத்தில் உடுத்திய கூறைச் சேலையை உடுத்தி, மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்துத் தூக்குவார்கள். அந்தச் சேலையைப் புருஷன் வீடு கொண்டுவரவேண்டும். நான் மாதுங்காவுக்கு ஓடினேன். மீனாட்சியம்மாள் கதவைப் பாதி திறந்தபடி நின்றாள்.

"எந்தச் சேல? அவ கோவிச்சிக்கிட்டுப் போனவல்லா. உறவு அன்னைக்கே தீந்து போச்சு."

"அத்த, அவ போகல. நீங்க அனுப்புனிய. அந்தச் சேலய மட்டும் தாங்க. உங்க மவனையும் அனுப்புங்க."

கதவைச் சாத்தினாள். உள்ளே கணேசபாண்டியன் இருமியது எனக்குக் கேட்டது. கனகவள்ளி ஒரு வாயில் துணிச் சேலையில் போனாள், என்னுடைய சேலை, கரை நைந்தது. அன்றைக்குப் பிடித்த கோபம் அது.

மீனாட்சியம்மாள் செம்பூர்க்காரர்களிடம் என்ன சொல்லியிருந்தாள் என்பது எனக்குப் பூக்காரி மூலம் வந்தது. மூத்தவள் கனகவள்ளி நடத்தை சரியில்லை, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வைத்து உறவைத் தீர்த்துவிட்டோம், அதற்கப்புறம்தான் செத்தாள். அதனால் மூத்தவளுக்குச் சேலை வைக்கிற வழக்கம் இந்தக் கல்யாணத்துக்குத் தேவையில்லை.

இரண்டாம் தாரமாக ஒருத்தியைக் கொண்டுவரும்போது, செத்துப்போன மூத்தவள் பேரில் ஒரு புதுச் சேலை வைத்து, மஞ்சள் குங்குமம் பூ வைத்து, அவள் பிறந்த வீட்டுச் சுமங்கலி ஒருத்தியை அவளாகப் பாவித்து நிற்கவைத்து, மாமியாரும் புருஷனும் புதுப்பெண்ணும் விழுந்து கும்பிடவேண்டும். அதைச் செய்தால்தான் மூத்தவள் மனம் குளிர்ந்து இளையவளை வாழவிடுவாள் என்பது நம்பிக்கை. எனக்கு ஆவியிலும் பேயிலும் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் சேலை வைத்தால் கனகவள்ளி அந்த வீட்டு மருமகளாகச் செத்தாள் என்று ஆகும். வைக்காவிட்டால் ஓடிப்போனவள் என்று ஆகும். அதை நான் விடுவதாக இல்லை.

"போனவ போயிட்டா. அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் இசக்கிமுத்து, நான் கிளம்பும்போது.

"எந்தங்கச்சி என்ன பாவம் பண்ணுனா?" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கல்யாணம். முற்றத்தில் பந்தல், வகுப்பறையில் பெண். பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். கரும்பலகையில் மராட்டியில் ஏதோ கணக்கு அழியாமல் இருந்தது. பெண் பேர் மாடத்தி. செம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், கறுத்த முகம், நல்ல உயரம். நிச்சயதாம்பூலத்துக்கு எடுத்த நீலப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். என் திட்டம் சுலபமானது. இவளைச் சிங்காரித்து முடித்து, தாலி தட்டில் சுற்றி வரும் நேரத்தில் பந்தலில் நின்று நாலு வார்த்தை சொல்வது.

மாப்பிள்ளை வீட்டுத் தட்டு வந்தது. மேளம் வாசலோடு நின்றது. நான் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, கூறைச் சேலையைப் பிரித்தேன். அரக்கு, பச்சைக் கரை. பாலிஷ் போட்டு மொடமொடவென்று இருந்தது. கொசுவம் வைக்க அடிப்பக்கத்தைத் திருப்பினேன். உள்ளே, ஓரம் நையாமல் இருக்கப் போடுகிற ஃபால் பட்டி தைத்திருந்தது. புதுச் சேலையில் ஏது ஃபால்? விரலால் தடவிக்கொண்டே போனேன். அரக்கு நூல், அரக்கு நூல், கடைசி ஒரு சாண் மட்டும் நீல நூல்.

அது என் தையல். கனகவள்ளி கல்யாணத்துக்கு முதல் நாள் அரக்கு நூல் தீர்ந்துபோய், கைக்கு அகப்பட்ட நீல நூலைப் போட்டுத் தைத்தேன்.

ரொம்பக் கோபம் வந்தால் என் கை அப்படியே நின்றுவிடும். செத்தவளுக்குக் கொடுக்க மனம் வராமல் பீரோவில் பூட்டி வைத்திருந்ததை, புதுச் சேலை எடுக்க மனம் வராமல் பாலிஷ் போட்டு அனுப்பியிருக்கிறாள். கடையில் நாற்பது மூட்டை அரிசி அடுக்கி வைத்திருப்பவள்.

"என்னக்கா, டேமேஜா?" என்றாள் மாடத்தி.

"இத நீ கட்டாத தாயி. இது எந்தங்கச்சி சேல."

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், டாக்ஸி, கதவு, வாயில் சேலை, ஒன்றையும் விடவில்லை. அவள் முகத்தில் இருந்த பவுடர் வியர்வையில் கோடு விழுந்தது. "இப்ப வெளிய போயிச் சொல்லப் போறேன். இந்தக் கல்யாணம் நிக்கும்" என்றேன்.

அவள் அழுவாள், என் கையைப் பிடித்துக்கொண்டு காப்பாத்தினீங்க அக்கா என்பாள் என்று நினைத்தேன்.

"நின்னா? நீங்க பஸ் ஏறித் தாராவி போயிருவீங்க. நான் இங்கதான இருக்கணும்?" என்றாள். "எனக்கு இருபத்தஞ்சு ஆவுது. கறுப்புன்னு ரெண்டு எடம் தட்டிப் போச்சு. அதுக்கப்புறம்தான் இந்த ரெண்டாந்தாரம். எனக்குப் பின்னால ரெண்டு பேரு இருக்காளுக. பந்தல்ல நின்ன கல்யாணம்னா எவன் வருவான்? அப்பா கம்பெனில தலை நிமிந்து நடப்பாரா?"

எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. நான் இரண்டு வருஷமாக வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்த நெருப்பை, இவள் வயசைச் சொல்லி அணைக்கப் பார்க்கிறாள். அப்படியானால் போய் அந்த வீட்டில் விழு என்று வாய் வரை வந்துவிட்டது.

அவள் சேலையைத் தொடாமல் அந்த நீலத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்.

"சச்சி, நெசமாச் சொல்லுங்கக்கா. எனக்குக் காச்சல் வந்தாலும் டாக்ஸில ஏத்திருவாங்களா?"

ஏற்றுவாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளும் அதை என் முகத்தில் பார்த்துவிட்டாள்.

வெளியே ஐயர் பெண்ணை அழைத்துவரச் சொல்லிக் குரல் கொடுத்தார். நான் அந்த ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டேன். நிறுத்தினால் மீனாட்சியம்மாளுக்கு ஒரு நாள் அவமானம். அடுத்த தை மாதம் பாண்டுப்பிலோ ஆண்டாப் ஹில்லிலோ இன்னொரு பெண் பார்ப்பாள். அங்கே சேலை கட்டிவிட நான் இருக்க மாட்டேன். ஒரு நாள் அவமானம் எனக்குப் போதாது. அவள் இருக்கும்வரைக்கும் தினம் தினம் வேண்டும்.

"நீ நீலப் பட்டோடயே இரு. நான் சொல்லும்போது வா. பயப்படாத" என்றேன்.

என் சேலையை அவிழ்த்து வைத்துவிட்டுக் கனகவள்ளியின் கூறையை நான் உடுத்தினேன். எத்தனையோ பேருக்குக் கட்டியிருக்கிறேன், இவ்வளவு நேர்த்தியாக ஒரு கொசுவமும் எனக்கு அமைந்ததில்லை. மாடத்தி அவளாகவே எழுந்து, தன் தலையில் இருந்த பூவில் பாதியைப் பிரித்து என் தலையில் வைத்தாள். குங்குமத்தைப் பெரிதாக இட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். மேளக்காரர் பெண் வருகிறாள் என்று நினைத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். முப்பத்து மூன்று வயசுப் பொம்பிளை ஒருத்தி மணப்பெண் கோலத்தில் பந்தலுக்கு நடந்து வந்ததும் வாசிப்பு தானாக நின்றது.

மீனாட்சியம்மாள் மணையோரம் நின்றிருந்தாள், மயில் கழுத்து நிறத்தில் புத்தம் புதுக் காஞ்சிபுரம். தனக்கு மட்டும் புதுசு எடுத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தேங்காய்த் துருவலாக வெளுத்தது.

"ஏட்டி, நீ எங்க இங்க? யாரு இவள உள்ள விட்டது?"

"பொண்ணுக்குச் சேல கட்ட வந்தேன், அத்த. சேலயப் பாத்தேன். இது எந்தங்கச்சி கனகவள்ளி கூறைல்லா. அதான் அவளாட்டம் நானே உடுத்திட்டு வந்துட்டேன்."

"பைத்தியமா புடிச்சிருக்கு? புதுச் சேல அது. போன வாரம் எடுத்தது."

நான் கொசுவத்தின் அடியைத் திருப்பி, பூலோகத்திடம் நீலத் தையலைக் காட்டினேன். "அண்ணாச்சி, புதுச் சேலைல பழைய ஃபால் எப்படி வந்துச்சுன்னு கேளுங்க."

அவர் கேட்கவேண்டிய தேவையே வரவில்லை. மணையில் உட்கார்ந்திருந்த கணேசபாண்டியன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவன், மாலையோடு எழுந்து நின்றுவிட்டான். "அம்மா, இது கனகு சேல" என்றான். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான். இரண்டு வருஷம் கழித்து அவன் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான வார்த்தை.

பூலோகம் மெதுவாகத்தான் பேசினார். "சம்பந்தியம்மா, பெரியவங்க முன்னால தீத்துட்டோம்னு சொன்னிய."

"தீத்தோம். சத்தியமாத் தீத்தோம்."

"அப்படியா அத்த?" என்றேன். "தீத்துவிட்டா மாப்ள வீடு கூறையத் திருப்பிக் குடுக்கணும், பொண்ணு வீடு தாலியத் திருப்பிக் குடுக்கணும். அதான நம்ம வழக்கம்? எந்தங்கச்சி தாலியோடதான் செத்தா. அந்தக் கூறை இந்நா, இன்னைக்குவரைக்கும் உங்க பீரோல இருந்திருக்கு. பெறகு எங்க தீத்திய?"

பந்தலில் இருந்த பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த வழக்கம் எல்லாருக்கும் தெரியும். ஒரு சேலையை மிச்சம் பிடித்து மீனாட்சியம்மாள் தானே தன் வாயை அடைத்துக்கொண்டாள். புதுக் காஞ்சிபுரத்தின் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அதை ஆசை தீரப் பார்த்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"தட்ட எடுங்கலே. நமக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்றார் பூலோகம்.

"அண்ணாச்சி, கல்யாணத்த நிறுத்த வேண்டாம்" என்றேன். "மூத்தவளுக்கு வைக்கவேண்டிய சேலைய வச்சுக் கும்பிடச் சொல்லுங்க. பெறகு தாலி கட்டட்டும். உங்க மகளும் அதத்தான் சொல்லுதா."

அவர் வகுப்பறை வாசலைப் பார்த்தார். மாடத்தி நீலப் பட்டில் நின்று தலையை ஆட்டினாள். அவர் எடுத்த தட்டைத் திரும்ப வைக்கச் சொல்லிவிட்டு, "சேல வைங்க, சம்பந்தி" என்றார்.

"புதுச் சேலைக்கு இப்ப எங்க போவேன்?" என்றாள் மீனாட்சியம்மாள்.

அங்கே புதுச் சேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கென்று பெண் வீட்டார் எடுத்த சம்பந்திச் சேலை, ஊதாப் பட்டு, தட்டில் வெற்றிலை பாக்கோடு காத்திருந்தது. பூலோகம் அந்தத் தட்டைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார். தனக்கு வந்த சேலையைத் தன் கையாலேயே என் காலடியில் வைத்தாள். மஞ்சள் வைத்தாள், குங்குமம் வைத்தாள்.

"பேரச் சொல்லிக் கும்பிடணும், அத்த."

"கனகவள்ளி."

"யாரு அவ?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்கவேண்டும். ஐயர் முகூர்த்தம் போகிறது என்றார்.

"எம் மூத்த மருமவ" என்று சொல்லி விழுந்தாள்.

வயசில் மூத்தவர்கள் காலில் விழ வந்தால் விலகிக்கொள்ளவேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் விலகவில்லை. அவள் நெற்றி என் கால்விரலில் படும்வரை நின்றேன். கணேசபாண்டியனும் விழுந்தான். எழுந்திருக்க அவனுக்கு நேரமாயிற்று, அழுதிருப்பான். அந்தக் கண்ணீர் எனக்கு எதற்கு? பிறகு மாடத்தி வந்து கும்பிட்டாள். அந்த ஊதாப் பட்டை எடுத்து அவள் கையில் கொடுத்து, "மூத்தவ இளையவளுக்குத் தாரா. இதக் கட்டிக்கிட்டு மணைக்கு வா" என்றேன். உள்ளே கூட்டிப்போய் நானே கட்டிவிட்டேன். ஊதாவில் அவள் கறுப்பு எடுப்பாக இருந்தது.

தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது மீனாட்சியம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஆசைப்பட்டது ஆச்சுல்லா? இனி எங்க வாசல்ல உங் காலு படக் கூடாது" என்றாள், உதட்டில் சிரிப்பு மாறாமல்.

"எப்படி அத்த வராம இருப்பேன்? மூத்தவளுக்குச் சேல வச்ச அன்னைக்கே, மூத்தவ பொறந்த வீடு இளையவளுக்கும் பொறந்த வீடு ஆயிருதுல்லா. மாடத்தி இனி எந்தங்கச்சி. வியாழக்கெழம தோறும் வந்து பாப்பேன். அவளுக்குத் தலவலின்னாலும் எனக்குச் சொல்லி அனுப்பணும். அனுப்பலன்னா ஊரக் கூட்டிட்டு வருவேன். வருவேனா மாட்டேனான்னு இன்னைக்குப் பாத்தாச்சுல்லா?"

ஒரு வியாழக்கிழமையும் நான் தவறவில்லை. மாதுங்காவில் கதவு முழுசாகத் திறக்கும். மீனாட்சியம்மாளே காபி கொண்டுவந்து வைப்பாள். நான் குடிக்க மாட்டேன். மாடத்தியைக் கூப்பிட்டு, வெளிச்சத்தில் நிற்கவைத்து, கண்ணையும் நாக்கையும் பார்த்துவிட்டு வருவேன்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, நான் மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் சந்து சாக்கடையைத் தாண்டத் தெரியாமல், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மீனாட்சியம்மாள் வந்து நின்றாள். அவள் தாராவிக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மூச்சு வாங்கியது.

"மாடத்திக்கு ராத்திரிலருந்து காச்சல்" என்றாள். "டாக்டரக் கூட்டியாந்து காட்டியாச்சு. ஊசி போட்டாரு. மூணு நாள்ல சரியாப் போவும்னாரு. சீட்டு இந்நா இருக்கு, பாத்துக்கோ."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். அரைத்தாள். இரண்டு வரி இங்கிலீஷ், கீழே ஒரு கிறுக்கல். நாலாவது கட்டிடத்து டாக்டர். ஒரு ஆள் போய்க் கூப்பிட்டிருக்கிறது, அவர் வந்திருக்கிறார். அவ்வளவுதான் வேலை. என் தங்கை பதினொரு நாள் படுத்துக் கிடந்தது இந்த அரைத்தாளுக்காக. அழுகை வந்தது. இவள் முன்னால் அழக் கூடாதென்று மிஷினை இரண்டு மிதி மிதித்தேன், துணி இல்லாமலே ஊசி ஓடியது.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். நான் உட்காரச் சொல்லவில்லை.

"சரியாத்தான் செஞ்சிருக்கிய" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். "காச்சல் விடுத வரைக்கும் தெனம் காலைல வந்து சொல்லிட்டுப் போங்க, அத்த. நடந்தே வாங்க. டாக்ஸி வேண்டாம்."